மணல் விழுங்காத பசளை: திருகோணமலை வீட்டு மிளகாய்ப் பாத்திக்கு மெதுவாகச் சத்து விடும் சேதனப் பசளைகளைத் தேர்வது எப்படி

உப்புவெளியில் எங்கள் வளவில் எங்கே தோண்டினாலும் மணல்தான். ஒரு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டு வாளியைக் கீழே வைப்பதற்குள் நிலம் அதைக் குடித்துவிடும். இங்கே முதன்முதலாக மிளகாய் வைத்த ஆண்டில், ஐப்பசி பிறந்ததும் எட்டு மூட்டை கோழி எருவை வாங்கிப் பரப்பிக் கொத்திவிட்டேன். நிலம் மழையில் ஊறட்டும், தை மாதம் நாற்று நடும்போது சத்து தயாராக இருக்கும் என்பது என் கணக்கு. கார்த்திகை மழை அந்தக் கணக்கைக் கழுவிக்கொண்டு போனது. தை நடுவில் நட்ட கன்றுகள் மாசி முடிவதற்குள் வெளிறின, அடியிலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. அவற்றுக்கு வரவேண்டிய நைதரசனில் பெரும்பங்கு வேருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டிருந்தது. அந்த ஆழத்துக்கும் கீழேதான் எங்கள் குடிநீர்க் கிணற்றின் ஊற்று இருக்கிறது என்பது பிறகுதான் உறைத்தது.

அன்று எருவின் அளவில் குறை இல்லை. தேர்விலும் காலத்திலும்தான் பிழை. கோழி எரு வேகமாகச் சத்தை விடும் பொருள். நான் அதை மூன்று மாதம் முன்கூட்டி, அதுவும் பெருமழைக்கு முன்னால், எதையும் பிடித்து வைக்கத் தெரியாத மணலில் போட்டேன். நிலாவெளி, சாம்பல்தீவு, சல்லி, கிண்ணியா என்று கடலோர மணலில் தோட்டம் செய்பவர்களில் பலர் இதே தவறைச் செய்வதைப் பார்க்கிறேன். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக மிளகாயை வைத்துக்கொள்கிறேன். கத்தரி, தக்காளி, கறிமிளகாய் ஆகியவற்றுக்கும் முறை இதுதான்.

மெதுவாகச் சத்து விடுவது என்றால் என்ன

யூரியாவைப் போட்டால் சில நாட்களில் கரைந்து, மாறி, வேருக்கு வந்துவிடுகிறது. பிண்ணாக்கிலும் எருவிலும் உள்ள நைதரசன் புரதத்துக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. மண்ணில் வாழும் பற்றீரியாவும் பூஞ்சையும் அந்தப் பொருளைத் தின்று, தங்கள் தேவைக்கு மேல் மிஞ்சியதை அமோனியமாக வெளியே விடுகின்றன. வேறு பற்றீரியாக்கள் அதை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. செடி இவ்விரண்டையும் எடுத்துக்கொள்ளும். ஆக, சேதனப் பசளையை மெதுவாக்குவதும் வேகமாக்குவதும் அந்த நுண்ணுயிர்கள்தாம். அவற்றுக்குச் சூடும் ஈரமும் காற்றும் வேண்டும்.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் முதல் பாடம் பெரியது. குளிர்நாட்டு வழிகாட்டிகளில் ‘நான்கு மாதம் சத்து விடும்’ என்று எழுதியிருக்கும் பொருள் இங்கே அவ்வளவு காலம் நிற்காது. வெப்பநிலை 10 பாகை கூடினால் நுண்ணுயிர்களின் வேலை ஏறத்தாழ இரண்டு மடங்காகும். திருகோணமலையின் ஆண்டுச் சராசரி 28 பாகை செல்சியசை ஒட்டியது. கச்சான் காற்று அடிக்கும் வைகாசி, ஆனி மாதங்களில் வெற்று மணலின் மேற்பரப்பு காலை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். ஆகவே நமக்கு ஈரம் இருக்கும்போது எல்லாமே வேகமாகக் கரையும். ஈரம் வற்றினால் எல்லாமே நின்றுவிடும். காய்ந்த மணலில் கிடக்கும் பிண்ணாக்கு வெறும் தூள்தான்.

இரண்டாவது பாடம், பொருளில் உள்ள கரிக்கும் (காபன்) நைதரசனுக்கும் உள்ள விகிதம். அது 20க்குக் கீழே இருந்தால் சத்து வெளியே வரும். 30க்கு மேலே போனால் நுண்ணுயிர்கள் தங்களுக்குப் போதாத நைதரசனை மண்ணிலிருந்தே பறித்துக்கொள்ளும். மீன் கழிவு 5ஐ ஒட்டி நிற்கிறது. பிண்ணாக்குகள் 10க்குப் பக்கம். மக்கிய மாட்டெரு 20க்குப் பக்கம். வைக்கோல் 80. மரத்தூள் பல நூறு. மரத்தூளைப் பாத்தியில் கலந்துவிட்டு, செடி மஞ்சளாகிறதே என்று கவலைப்படுபவர்கள் இந்த விகிதத்தை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

படி 1: வாங்குவதற்கு முன் மண்ணைப் பாருங்கள்

கண்ணாடிப் போத்தல் ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, தண்ணீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். மறுநாள்வரை கலங்கி நின்று கடைசியில் மெல்லிய படையாக அமர்வது களி. எங்கள் வளவு மண்ணில் அந்தக் கடைசிப் படை கண்ணுக்கே தெரியவில்லை. கன்னியா, பன்குளம், கந்தளாய்ப் பக்கத்துச் செம்மண்ணில் அது தெளிவாகத் தெரியும். தம்பலகாமத்து வயல் மண்ணில் படிந்ததில் பாதிவரைகூட அது இருக்கும். களியும் மக்கிய சேதனப் பொருளும் அமோனியத்தையும் பொற்றாசியத்தையும் பற்றி வைத்துக்கொள்கின்றன. மணலுக்கு அந்தக் கை இல்லை. நைத்திரேற்றையோ எந்த மண்ணாலும் பிடித்துவைக்க முடியாது. தண்ணீர் போகும் இடத்துக்கு அதுவும் போகும்.

அடுத்தது புளிப்புச் சோதனை. ஒரு கைப்பிடி உலர்ந்த மண்ணில் வினாகிரியை ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் மண்ணில் சிப்பித் துகள் கலந்திருக்கிறது, அதாவது சுண்ணாம்பு இருக்கிறது, மண் காரத்தன்மை உள்ளது. கடற்கரையை ஒட்டிய வளவுகளில் இது சாதாரணம். நுரை வந்த மண்ணுக்கு எலும்புத் தூளும் சாம்பலும் முட்டையோடும் ஏற்றவை அல்ல. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். இந்த ஒரு சோதனை உங்கள் பணத்தில் பாதியை மிச்சப்படுத்தும்.

கிணற்றுத் தண்ணீர் வாயில் கரித்தால் அதையும் கணக்கில் எடுங்கள். உப்பு நீர் பாய்ச்சும் தோட்டத்தில், உப்புள்ள பசளைகளை இரட்டிப்புக் கவனத்தோடு தொடவேண்டும். சரியான எண்கள் வேண்டுமென்றால், உங்கள் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். மண் மாதிரியை எப்படி எடுத்துச் சோதனைக்குக் கொடுப்பது என்று சொல்வார்.

படி 2: பயிரின் காலத்தை எண்ணுங்கள்

மார்கழித் தொடக்கத்தில் நாற்றுமேடையில் விதை. நாற்பது, நாற்பத்தைந்து நாளில், பெருமழை ஓய்ந்த தை நடுவில், பாத்தியில் நடவு. ஐந்து, ஆறு வாரத்தில் பூ. பங்குனிக் கடைசியில் பச்சைமிளகாய் பறிக்கத் தொடங்கலாம். நல்ல கவனிப்பு இருந்தால் ஆடி வரை காய்க்கும். ஆக, ஆறு மாதப் பயிர். அதற்கு நைதரசன் தேவை முதல் மூன்று வாரம் குறைவு, பூவுக்கு முந்திய மூன்று வாரமும் காய்ப்புக் காலமும் மிக அதிகம். பொற்றாசியம் காய்ப்புக் காலத்தில் அதிகம் வேண்டும். பொசுபரசு தொடக்கத்திலேயே வேரின் அருகில் இருக்கவேண்டும், ஏனென்றால் அது மண்ணில் நகராது.

பசளை சத்து விடும் காலம் இந்த அட்டவணையோடு பொருந்தவேண்டும். 2021ல் நாடு முழுவதும் நாம் பட்டது இதுதான். அந்த ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது, நவம்பரில் தடை விலக்கப்பட்டது. இடையில் பெரும்போக வயல்களில் கூட்டெருவை அள்ளிப் போட்டவர்களின் நெல் மஞ்சளாகவே நின்றது. கூட்டெருவில் சத்து இருந்தது. நெல் கேட்ட வாரத்தில் கேட்ட அளவு வெளியே வரவில்லை. சேதனப் பசளை பயனற்றது என்று அன்று முடிவுகட்டியவர்கள் பலர். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரே பருவத்தில், ஒரே பொருளால், முழு வயலையும் மாற்ற முடியாது என்பதைத்தான் அந்த ஆண்டு காட்டியது. வீட்டுப் பாத்தியில் நமக்கு அந்த அவசரம் இல்லை. பல பொருள்களைக் காலம் பார்த்துக் கலக்கும் வசதி இருக்கிறது.

படி 3: பொருள்களைத் தேர்வது

வேப்பம் பிண்ணாக்கிலிருந்து தொடங்குகிறேன், மணலில் இதற்கு நிகரான ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. நைதரசன் ஏறத்தாழ 4 முதல் 5 வீதம். மற்றப் பிண்ணாக்குகளைவிட மெதுவாகவே கரையும். அதில் உள்ள கசப்புப் பொருள்கள் அமோனியம் நைத்திரேற்றாக மாறும் வேகத்தைக் குறைக்கின்றன. நைத்திரேற்றுதானே மழையோடு ஓடுவது? அந்த மாற்றம் தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் செடிக்குக் கிடைத்த வாரம். இன்னொரு பெரிய நன்மை வேர்முடிச்சுப் புழுவை அது அடக்கிவைப்பது. மணல் தோட்டத்தில் மிளகாய், கத்தரி, தக்காளியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் பாசிமணி கோத்ததுபோல் முடிச்சுகள் இருக்கும். அந்தப் புழுவுக்கு மணல்தான் மிகவும் பிடித்த வீடு. நடுவதற்கு இரண்டு வாரம் முன்பு வேப்பம் பிண்ணாக்கைக் குழியில் கலந்தால் தாக்கம் நன்றாகக் குறைகிறது. வேப்பமரம் இல்லாத ஒழுங்கை நம் ஊரில் எங்கே இருக்கிறது? ஆனி, ஆடியில் மரத்தடியில் கூட்டித் தள்ளும் வேப்பங்கொட்டையைக் காயவைத்து, உரலில் இடித்தாலே பாதி வேலை முடிந்தது. எண்ணெய் எடுக்காத கொட்டைத்தூளில் எண்ணெய்ப்பசை இருப்பதால் இன்னும் மெதுவாக மக்கும். ஆகவே அளவைக் குறைத்து, நாற்று நடுவதற்கு ஒரு மாதம் முன்பே இடவேண்டும்.

எள்ளுப் பிண்ணாக்கு 6 வீதம் வரை நைதரசன் தரும், ஆனால் வேகம் அதிகம். ஈரமான, சூடான மண்ணில் பத்து நாளில் வேலை தொடங்கி, ஆறு எட்டு வாரத்தில் பெரும்பகுதி முடிந்துவிடும். பூவுக்கு முந்திய வாரங்களுக்கு நல்லது. தேங்காய்ப் புண்ணாக்கில் நைதரசன் 3 வீதத்தை ஒட்டியதுதான். அதை மாட்டுக்குக் கொடுத்து, மாட்டெருவாகத் திரும்பப் பெறுவதே சிக்கனம். கச்சான் (நிலக்கடலை) பிண்ணாக்கு சத்தில் மிகச் சிறந்தது, 7 வீதம். கிடைத்தால் வாங்குங்கள், எலியும் எறும்பும் அதை உங்களைவிட விரும்பும் என்பதால் ஆழமாக மூடுங்கள்.

மாட்டெருவும் ஆட்டெருவும் அடித்தளம். நன்றாக மக்கிக் காய்ந்த மாட்டெருவில் நைதரசன் 1 வீதத்தை ஒட்டியிருக்கும், அதில் முதல் பருவத்தில் வெளியே வருவது கால்பங்குதான். மீதி அடுத்த ஆண்டுகளுக்கான சேமிப்பு. ஆட்டெரு அதைவிடச் செறிவானது. புழுக்கையின் மேல் ஓடு இருப்பதால் முழுதாகப் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். நான் சாக்கில் போட்டுக் கட்டையால் தட்டி நொறுக்கிய பிறகே இடுகிறேன். எருவைச் சத்துக்காக மட்டும் பார்க்காதீர்கள். மணலுக்கு இல்லாத அந்தக் கையை, சத்தைப் பற்றிப் பிடிக்கும் கையை, எருதான் தருகிறது. அது இல்லாமல் விலைகூடிய பிண்ணாக்கை மணலில் போடுவது ஓட்டைக் கடகத்தில் நெல் அளப்பது போன்றது.

பொற்றாசியத்தைப் பற்றிப் பலரும் அறியாத ஒன்று இருக்கிறது. எருவிலும் இலையிலும் சாம்பலிலும் அது புரதத்துக்குள் பூட்டப்பட்டிருப்பதில்லை. நீரில் கரையும் உப்பாகவே இருக்கிறது. ஆகவே சேதனப் பசளைகளில் மெதுவாக விடும் பொற்றாசியம் என்று ஒன்று ஏறக்குறைய இல்லவே இல்லை. எருக்குவியலை மாரி முழுவதும் திறந்து வைத்தால் முதலில் கழுவிப்போவது அதுதான். குவியலின் கீழே ஓடும் அந்தக் கறுப்புத் தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். குவியலைக் கிடுகாலோ தறப்பாளாலோ மூடுங்கள். செடிக்குப் பொற்றாசியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுங்கள். வினாகிரிக்கு நுரைக்காத மண்ணென்றால், பொச்சுமட்டை எரித்த சாம்பலில் செடிக்கு ஒரு மேசைக்கரண்டி, பூக்கத் தொடங்கியபின் மாதம் ஒருமுறை போதும். நுரைத்த மண்ணில் சாம்பல் வேண்டாம், காரம் இன்னும் ஏறும். நறுக்கிய வாழைத்தண்டையும் தோலையும் கூட்டெருவில் சேர்த்துக் கொடுங்கள்.

மீன் நம் ஊரின் செல்வம். தலை, செதில், குடல் எல்லாம் சந்தையில் இலவசமாகக் கிடைக்கும். நைதரசனும் பொசுபரசும் நிறைந்தது, ஆனால் மிக வேகமானது. பச்சையாகச் செடியடியில் புதைத்தால் வேர் வெந்துபோகும், நாய்களும் உடும்பும் பாத்தியைக் கிளறிப்போடும். ஒரு பங்கு மீன் கழிவுக்கு மூன்று பங்கு காய்ந்த இலை, கொஞ்சம் பழைய எரு என்று அடுக்கி, இரண்டடி ஆழக் குழியில் மூடி, இரண்டு மாதம் விட்டுவிடுங்கள். காய்ந்த இலையின் கரி, மீனின் வேகத்தை அடக்கும். எடுத்துப் பார்க்கும்போது முள் கையில் நொறுங்கவேண்டும். நாற்றம் இருந்தால் இன்னும் ஆகவில்லை என்று பொருள். கருவாட்டுக் கழிவென்றால் இரண்டு இரவு நீரில் ஊறவைத்து, அந்த உப்புத் தண்ணீரைத் தோட்டத்துக்கு வெளியே கொட்டிய பிறகே குழியில் இடுங்கள்.

எலும்புத் தூளில் பொசுபரசு (பொசுபரசு ஐந்தொட்சைட்டுக் கணக்கில்) 20 வீதத்துக்கு மேல். ஆனால் அதைக் கரைக்க மண்ணில் அமிலம் வேண்டும். காரமண்ணில் ஆண்டுக்கணக்கில் தூளாகவே கிடக்கும். எப்பாவலப் பாறைப் பொசுபேற்றும் அப்படித்தான். அனுராதபுர மாவட்டத்தில் 1971ல் கண்டுபிடிக்கப்பட்ட அந்தப் படிவு நாட்டின் பெருஞ்செல்வம், மலைநாட்டின் புளிப்பு மண்ணில் தேயிலைக்கும் ஈரவலயத்தில் தென்னைக்கும் உதவுகிறது. நம் கடலோரச் சிப்பி மணலில் ஆறுமாதப் பயிருக்கு அதை இடுவதில் பயன் இல்லை. கடையில் மலிவு என்று வாங்காதீர்கள். வினாகிரிக்கு நுரைக்காத மண்ணுள்ளவர்கள் எலும்புத் தூளைத் தயங்காமல் இடலாம். மற்றவர்களுக்கு மீன்குழி எருவே பொசுபரசு. முட்டையோடு முழுக்கச் சுண்ணாம்பு. மாவாக அரைத்தாலும் கரைய ஒரு வருடம் பிடிக்கும்.

சீமைக்கிளுவைக் குழையைச் சொல்லாமல் விடமுடியாது. வேலிக் கதியாலை வெட்டினால் காய்ந்த நிறையில் 3 வீதத்துக்கு மேல் நைதரசன் உள்ள இலை சும்மா கிடைக்கிறது. மூன்று வாரத்தில் பாதி கரைந்துவிடும் என்பதால் மாதம் ஒருமுறை வெட்டிச் செடியடியில் பரப்புங்கள். குழை தாழ்ப்பது நம் முன்னோர் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலும் பழகிய வழக்கம். பூவரசங் குழையும் ஆகும், அது இன்னும் மெதுவானது.

தும்புத் தூளும் உமிக்கரியும் பசளை அல்ல, சத்தைத் தாங்கும் பாத்திரங்கள். தும்புத் தூளைத் தண்ணீர் நிறம் தெளியும்வரை மூன்று நான்கு முறை கழுவுங்கள். உமிக்கரியை எருத்தண்ணீரில் ஒரு வாரம் ஊறவைத்த பிறகே கலவுங்கள். வெறுங்கரி முதலில் உங்கள் செடியின் சத்தைத்தான் குடிக்கும்.

படி 4: மூட்டையைச் சோதித்து வாங்குவது

ஒருமுறை லொறியில் வந்து எரு விற்றவரிடம் இருபது மூட்டை வாங்கினேன். பாரத்தில் பாதி மணல். இப்போது ஒரு போத்தல் தண்ணீரோடுதான் பேரம் பேசப் போகிறேன். ஒரு பிடி எருவைப் போட்டுக் குலுக்கினால் மணல் உடனே அடியில் நிற்கும். நல்ல எரு மிதக்கும் அல்லது மெல்ல இறங்கும். வேப்பம் பிண்ணாக்கையும் இப்படியே பாருங்கள். அதன் கசப்பு மணமும் விரலில் ஒட்டும் எண்ணெய்ப்பசையும் இருக்கவேண்டும். பூசணம் பிடித்த பிண்ணாக்கை மாட்டுக்குக் கொடுக்கக்கூடாது, மண்ணுக்குக் கொடுக்கலாம். அதனால் மலிவாகவும் கிடைக்கும். எரு கைக்குச் சூடாக இருந்தாலோ மூக்கை எரித்தாலோ இன்னும் மக்கவில்லை, களை விதையும் அதில் உயிரோடு இருக்கும். சில உள்ளூராட்சி சபைகள் கழிவிலிருந்து தயாரித்து விற்கும் கூட்டெருவை வாங்கினால், கண்ணாடித் துண்டும் பொலித்தீனும் இருக்கிறதா என்று ஒரு சுளகில் பரப்பிப் பார்த்துவிடுங்கள்.

படி 5: கணக்கு

பத்தடி நீளம், மூன்றடி அகலப் பாத்தியை எடுத்துக்கொள்வோம். வரிசைக்கு வரிசை இரண்டடி, செடிக்குச் செடி ஒன்றரை அடி என்று நட்டால் 12 செடிகள். சதுர மீற்றருக்கு 10 கிராம் நைதரசன் என்று வைத்தால் இந்தப் பாத்திக்கு ஒரு பருவத்தில் ஏறத்தாழ 30 கிராம் வேண்டும்.

மக்கிக் காய்ந்த மாட்டெரு 6 கிலோ போடுகிறோம். 1 வீதம் என்றால் மொத்தம் 60 கிராம் நைதரசன், அதில் கால்பங்கு, அதாவது 15 கிராம், இந்தப் பருவத்துக்கு. மீதி 15 கிராமை வேப்பம் பிண்ணாக்கிலிருந்து எடுப்போம். ஒரு கிலோவில் ஏறத்தாழ 45 கிராம் இருக்கும், அதில் 60 வீதம் பருவத்துக்குள் வரும் என்று கொண்டால் 27 கிராம். 600 கிராம் போட்டால் தேவைக்குச் சற்றே மேல். செடிக்கு 50 கிராம். நுரைக்காத மண்ணென்றால் எலும்புத் தூள் பாத்திக்கு 200 கிராம் சேர்க்கலாம். இந்த 6 கிலோ எருவே பொற்றாசியத் தேவையின் பெரும்பகுதியையும் தந்துவிடும். அதனால்தான் சாம்பலைக் கரண்டிக் கணக்கில் சொன்னேன்.

இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் பழைய எருவின் சேமிப்பும் கரையத் தொடங்கும். அப்போது பிண்ணாக்கை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். செம்மண்ணிலும் களிமண்ணிலும் தோட்டம் செய்பவர்கள் முதல் ஆண்டிலேயே குறைத்துத் தொடங்கலாம்.

படி 6: இடும் முறையும் காலமும்

தை பிறப்பதற்குச் சில நாள் முன்பு, பெருமழை விட்டதும், எருவையும் (ஏற்றதென்றால்) எலும்புத் தூளையும் மேல் ஆறங்குலத்தில் கொத்திக் கலவுங்கள். அதற்குக் கீழே போவதில் பொருள் இல்லை. நுண்ணுயிரும் காற்றும் மேலேதான் இருக்கின்றன. வேப்பம் பிண்ணாக்கில் பாதியை, செடிக்கு 25 கிராம் வீதம், நடவிருக்கும் இடங்களில் கலந்து ஈரப்படுத்தி இரண்டு வாரம் விடுங்கள். மேலே வெள்ளைப் பூசணம் படர்ந்தால் பயப்படவேண்டாம், வேலை நடக்கிறது என்பதற்கான அடையாளம் அது. அந்த வாரங்களில் வெளிவரும் அமோனியா இளவேரைச் சுடும் என்பதால் அவசரப்பட்டு நடாதீர்கள்.

மீதிப் பாதியை நட்ட ஐந்தாவது வாரம், மொட்டு தெரியும்போது இடுங்கள். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வட்டமாகக் கீறி, பிண்ணாக்கைத் தூவி, இரண்டங்குல மண்ணால் மூடுங்கள். மேலே தூவி விட்டுவிட்டால் நைதரசனில் ஒரு பங்கு அமோனியாவாகக் காற்றில் போகும், மிச்சத்தை எறும்பு கொண்டுபோகும். பறிப்பு தொடங்கி ஒரு மாதம் கழித்துச் செடி சோர்ந்தால் மீன்குழி எருவில் செடிக்கு இரு கைப்பிடி கொடுங்கள்.

பிறகு மூடுபடை. போதனாசிரியர்கள் பத்திரக்கலவை என்பார்கள். வைக்கோல், பழங்கிடுகு, காய்ந்த இலை எதுவும் ஆகும், மூன்றங்குலம் இருக்கட்டும். கச்சான் காற்றில் மூடாத மணல் அரைநாளில் காய்ந்துவிடும், காய்ந்தால் பசளையும் தூங்கிவிடும். ஒரே முறை நிறைய ஊற்றுவதைவிட, காலையும் மாலையும் கொஞ்சமாக ஊற்றுங்கள். வாளி வாளியாக ஊற்றிய தண்ணீர் நீங்கள் விலைகொடுத்து வாங்கிய நைத்திரேற்றையும் கூட்டிக்கொண்டு கிணற்றுக்கு இறங்கும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை; கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து. நான் எருக்குவியலையும் மீன்குழியையும் கிணற்றிலிருந்து 50 அடி தள்ளியே வைக்கிறேன்.

சாடியில் வளர்ப்பவர்களுக்கு: இரண்டு பங்கு மண், ஒரு பங்கு எரு, ஒரு பங்கு கழுவிய தும்புத் தூள். பத்து லீற்றர் வாளிக்கு 50 கிராம் வேப்பம் பிண்ணாக்கை மூன்று தவணையாகக் கொடுங்கள். அடியில் தட்டு வைத்து, வடியும் தண்ணீரைத் திரும்ப ஊற்றுங்கள். இன்னொன்று, நகருக்குள் இருப்பவர்கள் வேலியை மறக்கவேண்டாம். பிரெட்ரிக் கோட்டைப் பக்கத்து மான்களுக்கு மிளகாய்க் கன்று எந்தப் பசளையில் வளர்ந்தது என்ற கவலை இல்லை.

படி 7: செடி சொல்வதைக் கேட்பது

அடியிலைகள் ஒரே சீராக மஞ்சளானால் நைதரசன் போதவில்லை. எள்ளுப் பிண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீரில் கரைத்து ஊற்றினால் பத்து நாளில் தேறும். நுனியிலைகள் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருந்தால் அது பெரும்பாலும் இரும்புக் குறை, சிப்பி மணலின் காரத்தால் வருவது. அதற்கு மேலும் மேலும் பிண்ணாக்கு போட்டுப் பயனில்லை, நன்கு மக்கிய கூட்டெருதான் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்யும். பழைய இலைகளின் விளிம்பு கருகினால் பொற்றாசியக் குறையாகவும் இருக்கலாம், உப்பாகவும் இருக்கலாம். தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். காயின் நுனி குழிந்து கறுத்தால் கல்சியம் காய்க்குப் போய்ச் சேரவில்லை; பெரும்பாலும் தண்ணீர் விட்டுவிட்டுக் கிடைப்பதே காரணம். செடி கரும்பச்சையாகக் கொழுத்து, பூவெல்லாம் கொட்டினால் நீங்கள் அளவுக்கு மீறிவிட்டீர்கள்.

இலை சுருண்டால் பசளையைக் குற்றம் சொல்லாதீர்கள். பனிப்பூச்சி, சிலந்திப்பேன், வைரசு என்று காரணம் வேறு. இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

ஆடியில் கடைசிப் பறிப்பு முடிந்தபின் பாத்தியை வெறுமையாக மாரிக்குக் கொடுக்காதீர்கள். என் முதல் ஆண்டு நட்டம் அங்கேதான் தொடங்கியது. ஐப்பசியின் முதல் மழையோடு சணப்பையோ கௌபியோ விதைத்துவிடுங்கள். மண்ணில் மிஞ்சிய நைத்திரேற்று மழையோடு இறங்குமுன் அந்த வேர்கள் பிடித்துக்கொள்ளும், காற்றிலிருந்தும் கொஞ்சம் சேர்க்கும். மார்கழி நடுவில் அடியோடு வெட்டி இரண்டு நாள் வாடவிட்டு, மழை விட்ட ஒரு காலையில் மடித்துக் கொத்திவிடுங்கள். அதற்குள் நாற்றுமேடையில் புதிய மிளகாய் இரண்டிலை விட்டிருக்கும்.